எப்பிடிப் பேத்த?

அவள் என்னை அடித்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஒரு சுண்டெலிக்காக.

அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டி மண்ணூர்பேட்டையில், கீழே லேத் பட்டறை, மேலே எங்கள் லேப். நான் வேலையில் சேர்ந்து மூன்றாம் நாள். எலியின் கழுத்தில் இரும்புக் கம்பியை வைத்து அழுத்திக்கொண்டு, வாலைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கழுத்தெலும்பு விட்டுவிடும். என்ன நடந்தது என்று அதற்குத் தெரிவதற்குள் உயிர் போய்விடும். எனக்கு இழுக்கும்போது கை கூசிவிட்டது. பாதியில் நிறுத்திவிட்டேன். எலி கத்தியது. அவ்வளவு சின்ன உடம்புக்குள் அவ்வளவு பெரிய கத்தல் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பக்கத்து மேஜையிலிருந்து அவள் எழுந்து வந்தாள், என் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள், முடித்தாள். அதே வேகத்தில் என் பிடரியில் ஒன்று வைத்தாள். கண்ணில் பூச்சி பறந்தது.

“கொல்றதுன்னா கொல்லு. நடுவுல நின்னுகினு பாவம் பாக்காத,” என்றாள்.

எம்.எஸ்ஸி. படித்துவிட்டு வந்த முப்பது வயது ஆம்பிளையை, டிப்ளமோ படித்த ஒருத்தி அத்தனை பேர் எதிரில் அடிக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனால் அவளைத் திருப்பி அடிக்கும் துணிச்சல் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் கிடையாது. என் வயதுதான், ஆனால் என்னைவிட அரையடி உயரம். பள்ளிக்கூட நாளில் கபடி ஆடியவள். முத்தாபுதுப்பேட்டையில் நிலம் வைத்திருந்த குடும்பம். நிலமெல்லாம் பிளாட்டாகிப் போனதும் வீட்டில் ஆளுக்கொரு வேலைக்குக் கிளம்பினார்கள், உழுத உடம்பு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பட்டறைக்காரர்கள் அவளுக்கு இன்ஸ்பெக்டரம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள், அவள் காதில் விழாத தூரத்தில். அவள் என்னை ‘எம்மெஸ்ஸி’ என்றுதான் கூப்பிடுவாள். கடைசி வரைக்கும் என் பெயர் அவள் வாயில் வரவில்லை. அதனால் நானும் அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

அவள் அடித்தவர்களின் பட்டியலைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒருநாள் காலை விரல் முட்டியில் ரத்தத்தோடு வந்து ஸ்பிரிட் பாட்டிலைத் தேடினாள். ரயிலில் ஒருவன் கூட்டத்தைச் சாக்காக வைத்து ஒரு காலேஜ் பெண்ணை இடித்துக்கொண்டே வந்திருக்கிறான். அம்பத்தூரில் இறங்கியதும் இவள் அவனைப் பிளாட்பாரத்துத் தூணில் சாய்த்து வாயிலேயே குத்தியிருக்கிறாள். அவன் பல் பட்டுத்தான் அந்தக் காயம். மருந்து போட்டுக்கொண்டே, அவன் இனிமேல் சோறு தின்னும்போதெல்லாம் தன்னை நினைப்பான் என்றாள். இன்னொரு நாள் உதடு வீங்கி வந்தாள். அவள் புருஷன் தண்ணி லாரி டிரைவர். அவன் ரெண்டு கொடுத்தானாம், இவள் நாலு கொடுத்தாளாம். அவனுக்குக் கை பிசகிவிட்டது, மூன்று நாளைக்கு ஸ்டியரிங் பிடிக்க முடியாது என்று, ஊறுகாய் போட்ட கதை மாதிரி சொன்னாள். கேட்ட எங்களுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

பட்டறையில் ஒருமுறை ஒருவருடைய போன் காணாமல் போனது. ஸ்டேஷனுக்குப் போகலாமா, கேமரா பார்க்கலாமா என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் டீ குடிக்கக் கீழே இறங்கியவள், லோடு இறக்க வந்த நாலு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். மூன்றாவது ஆளின் சட்டையைப் பிடித்து, ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டு கன்னத்திலும் விட்டாள். போன் அவன் டிபன் பையிலிருந்து வந்தது. பட்டறையே கைதட்டியது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று நான் கேட்டதற்கு, கண்டுபிடிக்கவெல்லாம் இல்லை, அடித்தால் வந்துவிடும் என்றாள். அவள் வீட்டில் அப்படித்தானாம். அவள் அப்பா புளியமிளாறு ஒன்றைக் கூரையில் செருகி வைத்திருப்பார். எது காணாமல் போனாலும் பிள்ளைகள் ஐந்து பேரையும் வரிசையாக நிற்கவைத்து விளாசுவார். யாராவது ஒருத்தர் ஒத்துக்கொள்வார்கள்.

“எங்க நைனா கேட்டு, உண்மை வராம போனதே இல்ல,” என்றாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

இப்படிப்பட்டவள் செல்களிடம் நடந்துகொண்ட விதத்தைத்தான் நான் எழுத வந்தேன். அதற்கு எங்கள் வேலை என்ன என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பாடம் எடுக்க மாட்டேன்.

உடம்புக்குள் விழுங்குவதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. மேக்ரோஃபேஜ் என்று பெயர். கிருமி, செத்துப்போன செல், தூசி, எது வந்தாலும் விழுங்கும். இதில் பல ரகம். எலியின் வயிற்றறைக்குள் எப்போதும் குடியிருப்பவை ஒரு ரகம். வயிற்றில் எரிச்சலூட்டும் மருந்தை ஊசியில் ஏற்றினால், மூன்று நாலு நாளில் ரத்தத்திலிருந்து அடிதடிக்கு ஓடிவந்து குவிகிற கூட்டம் இன்னொரு ரகம். அவள் பாஷையில் முன்னது ‘ஊட்டாளுங்க’, அதாவது வீட்டு ஆட்கள், பின்னது ‘வந்தாளுங்க’. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வந்தாளுங்க கொஞ்சம் குண்டாக இருக்கும், மற்றபடி பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒவ்வொரு செல்லும் மேலே ஒரு சர்க்கரைச் சட்டை போட்டிருக்கிறது. ரகத்துக்கு ரகம் சட்டை வேறு. அந்தச் சர்க்கரையைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் புரதங்களுக்கு லெக்டின் என்று பெயர். பலாக்கொட்டையில் ஒன்று இருக்கிறது, வேர்க்கடலையில் ஒன்று, கோதுமை முளையில் ஒன்று. நாங்கள் பலாக்கொட்டையை அரைத்து அதிலிருந்து லெக்டினைப் பிரித்து, அதில் ஒளிரும் பச்சைச் சாயத்தை ஏற்றி, செல்களின் மேல் ஊற்றுவோம். எங்கள் எலிகளில் வந்தாளுங்க பச்சைப்பசேலென்று எரியும், ஊட்டாளுங்க மங்கலாக இருக்கும். யார் எந்த ரகம் என்று ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். இதைப் பெட்டியில் அடைத்து விற்பதற்காகத்தான் எங்கள் முதலாளி, நாங்கள் டாக்டர் என்று கூப்பிடுகிறவர், அந்த லேபை நடத்திக்கொண்டிருந்தார்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. வந்தாளுங்களைத் தட்டில் விட்டால் அகலமாகப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடும். கல்யாணத்தில் முதல் பந்தியில் இடம் பிடித்தவனை எழுப்புவது மாதிரிதான். சாயம் போட வேண்டுமென்றால் அதைத் தட்டிலிருந்து பெயர்த்து எடுத்தாக வேண்டும். அதற்குச் சுலபமான வழி ட்ரிப்சின். புரதத்தை அரிக்கிற சாமான். ஊற்றி ஐந்து நிமிஷம் வைத்துவிட்டுத் தட்டினால் எல்லாம் கழன்று வந்துவிடும். ஆனால் அது தட்டில் பிடித்திருக்கும் பிடியை மட்டும் அரிக்காது, செல்லின் மேலிருக்கும் சட்டையையும் சேர்த்து மழித்துவிடும். கஷ்டமான வழி ஐஸ். தட்டை ஐஸ் மேல் வைத்து, குளிர்ந்த உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, உறிஞ்சி, திரும்ப விட்டு, முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும். குளிருக்குப் பிடி தளர்ந்து அதுவாகவே விடும்.

அவள் ஐஸ்காரி. அந்த முக்கால் மணி நேரமும் அவளைப் பார்க்க வேண்டும். அவ்வளவு பெரிய உடம்பு குனிந்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, பிப்பெட்டின் நுனியால் தட்டின் ஓரத்தை நனைத்துக்கொண்டிருக்கும். விரல் விறைத்து நீலம் பாய்ந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். காலையில் ஒருத்தன் வாயைக் கிழித்த கையா இது என்று எனக்குத் தோன்றும். எங்களில் யார் எந்தப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினாலும், டாக்டரே காட்டினாலும், அவள் முதலில் படத்தைப் பார்க்க மாட்டாள். எங்கள் முகத்தைப் பார்த்து, “எப்பிடிப் பேத்த?” என்பாள். தட்டிலிருந்து எப்படிப் பெயர்த்தாய் என்று அர்த்தம். அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் கண் படத்துக்குப் போகும்.

ட்ரிப்சினால் நேரம் மிச்சமாகுமே என்று நான் ஒருமுறை வாதம் செய்தேன்.

“அட்ச்சுப் பேத்தா அது பொய் சொல்லும், எம்மெஸ்ஸி,” என்றாள். “சட்டையக் கயட்டிட்டு நீ யாருன்னு கேட்டா அது இன்னாத்த சொல்லும்?”

அப்படியானால் நீ மட்டும் ஊரில் இருக்கிறவனையெல்லாம் அடித்துக் கேட்கிறாயே என்று மடக்கினேன். மனுஷன் தாங்குவான், செல் தாங்காது என்றாள். லேபில் எல்லோரும் சிரித்தோம். எலிக்கூண்டு கழுவுகிற எத்திராஜ் அண்ணன்கூடச் சிரித்தார்.

எத்திராஜ் அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல். ஆவடியைத் தாண்டிப் பட்டாபிராம் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். எலிகளுக்கு உமி மாற்றுவது, தீனி வைப்பது, கூண்டில் நம்பர் சீட்டு ஒட்டுவது எல்லாம் அவர்தான். எலிகளைப் புள்ளைங்க என்பார். எலியை அறுக்கிற நாளில் அந்த அறைப்பக்கமே வர மாட்டார். அவளுக்கு அவர்மேல் தனிப் பிரியம். கருவாட்டுக் குழம்பு வைத்தால் அவருக்கென்று ஒரு டப்பா வரும். அவருக்கு ஜுரம் வந்தபோது, ஸ்டேஷனிலிருந்து லேபுக்கு வர வைத்திருந்த தன் ஸ்கூட்டியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இதையெல்லாம் சொல்லாமல் அடுத்ததைச் சொன்னால் அவளுக்கு நான் செய்கிற இரண்டாவது துரோகம் ஆகிவிடும்.

முதல் துரோகம் இப்படி நடந்தது. எங்கள் பெட்டியை வாங்குவதாக இருந்த வெளியூர் கம்பெனியிலிருந்து ஆள் வரப்போகிறார்கள். அவர்களுக்குக் காட்ட வேண்டிய செல்களில் கடைசித் தொகுதி. அவள் இரண்டு நாள் லீவு, அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. எலிகளை அறுத்து, செல்களைத் தட்டில் விட்டு, மறுநாள் பெயர்த்து ஃபார்மலினில் போட்டு வைப்பது என் பொறுப்பு. சாயம் அவள் வந்து போடுவாள். பெயர்க்க வேண்டிய அன்றைக்கு மதியமே ஐஸ் மெஷின் நின்றுபோனது. ஐஸ் வேண்டுமென்றால் மீன் மார்க்கெட் வரைக்கும் போய்ச் சுமந்து வர வேண்டும். பிறகு முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும். நான் திருநின்றவூருக்குப் போகிறவன். ஐந்தேமுக்கால் வண்டியை விட்டால் அடுத்ததில் தொங்கிக்கொண்டுதான் போக வேண்டும். இதுதான் காரணம். வேறு பெரிய காரணம் இருந்தால் நானே சந்தோஷமாகச் சொல்லிவிடுவேன். ரயிலில் உட்கார்ந்து போவதற்காக, பக்கத்து அறையிலிருந்து ட்ரிப்சினை எடுத்து வந்து வந்தாளுங்க தட்டுகளில் ஊற்றினேன். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் கழன்று வந்தது. எத்தனை செல் என்று எண்ணி நோட்டில் எழுதினேன். ஜன்னலோரம் இடம்கூடக் கிடைத்தது.

மறுநாள் அவள் சாயம் போட்டாள். ஊட்டாளுங்க மங்கல். வந்தாளுங்களும் மங்கல். திரும்பப் போட்டாள், அதேதான். டாக்டர் மேஜையைக் குத்திக் கத்தினார். அறுத்ததெல்லாம் ஊசி போடாத எலிகள்தான், கூண்டை எவனோ மாற்றியிருக்கிறான் என்றார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“எப்பிடிப் பேத்த?”

ஐஸில்தான் என்றேன். ஒரு வார்த்தை. என் வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, ஆனால் அதைவிட அந்தக் கைக்குத்தான் பயந்தேன். அவள் தலையாட்டிவிட்டு எலி அறைக்குப் போனாள். நான் எம்.எஸ்ஸி. என்பதால் என்னை வாயால் கேட்டாள். எத்திராஜ் அண்ணனைக் கையால் கேட்டாள்.

நான் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன். கூண்டை மாற்றினாயாண்ணே என்று கேட்டாள். அவர் இல்லையம்மா என்றார். சீட்டைப் பார்த்துத்தான் வைத்தேன் என்றார். கன்னத்தில் விழுந்த முதல் அறையில் அவர் உமி மூட்டை மேல் சாய்ந்தார். எழுந்து, புள்ளைங்க மேல சத்தியமா என்று ஆரம்பித்தார். இரண்டாவது அறை. அவள் முகத்தில் கோபமே இல்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் கனவில் வருகிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்று நிற்கிறவள் மாதிரி நின்றாள். வராததால் பக்கத்தில் கிடந்த கூண்டு மூடியை, கம்பி மூடியை, எடுத்தாள். அது அவர் இடது காதில் இறங்கியது. ரத்தம் கழுத்தில் வழிந்து பனியனில் இறங்கியது. கூண்டுகளில் எலிகள் சுற்றிச் சுற்றி ஓடின. அவர் காதைப் பொத்திக்கொண்டு, அவளைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

“சார், நீங்க சொல்லுங்க சார்,” என்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

மூடி மறுபடி உயர்ந்தது. “மாத்திட்டேம்மா,” என்றார். எந்தக் கூண்டு என்றாள். நாலாம் நம்பரும் ஆறாம் நம்பரும் என்றார். கழுவும்போது சீட்டு நனைந்துபோனது, காயவைத்து ஒட்டியபோது இடம் மாறிவிட்டது, பயத்தில் சொல்லவில்லை என்று கோர்வையாகச் சொன்னார். அவ்வளவு கோர்வையாக இருந்ததால் ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்தது. நிஜமாகவே கூண்டுதான் மாறியிருக்குமோ, ட்ரிப்சினால் அல்லவோ என்று. அந்தச் சந்தேகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் ஒத்துக்கொண்டதும் அவள் மூடியைக் கீழே வைத்தாள். பஞ்சு எடுத்து வந்து அவளே காதைத் துடைத்தாள். முதல்லயே சொல்லியிருக்கலாமேண்ணே என்று அழுகிற குரலில் சொன்னாள். தன் ஸ்கூட்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். செவிப்பறை கிழிந்துவிட்டது, அந்தக் காது இனி கேட்காது என்றார்கள். டாக்டர் அவரை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தினார். கம்பெனிக்காரர்களைப் பத்து நாள் தள்ளி வரச் சொல்லிவிட்டு, புது எலிகளை வைத்து அவள் எல்லாவற்றையும் ஐஸில் செய்தாள். பச்சைப்பசேலென்று எரிந்தது. கூண்டுக்காரர் போனார், வேலை சரியாகிவிட்டது. அவர்மேல் இருந்த குற்றம் எல்லோருக்கும் நிரூபணம் ஆகிவிட்டது.

ஒரே ஒரு ஆள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, எத்திராஜ் அண்ணனின் மனைவி. இரண்டு முறை வந்து படிக்கட்டில் நின்று கத்தினாள். என் புருஷன் மாற்றவில்லை, அடி தாங்காமல் சொல்லியிருக்கிறார், அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் நம்பர் தெரியும் என்று தொண்டை வறளக் கத்தினாள். வாட்ச்மேன் அவளைக் கையைப் பிடித்து வெளியே விட்டார். இரண்டு முறையும் நான் பாத்ரூமுக்குள் இருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, பெட்டிக்குள் வைக்கிற கையேட்டுக்குப் படம் பொறுக்கிக்கொண்டிருந்தோம். நல்ல படத்துக்குப் பக்கத்தில் கெட்டுப்போன படமும் ஒன்று வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அந்தப் பழைய தொகுதியைத் திரையில் போட்டாள். பச்சை இல்லாத, வெறும் கறுப்பு வெள்ளைப் படத்தையும் பக்கத்தில் திறந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் நோட்டை எடுத்து அந்த நாளின் எண்ணிக்கையைப் பார்த்தாள். ஊசி போடாத எலியிலிருந்து அவ்வளவு செல் வராது. நாங்கள் எல்லோரும் வெளிச்சத்தை மட்டுமே பார்த்தோம், ஆளைப் பார்க்கவில்லை.

“ஆளு குண்டாத்தான் கீறான்,” என்றாள். “சட்டைதான் இல்ல.”

கூண்டு மாறவே இல்லை. வந்தாளுங்கதான் அது. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். அது உடைந்தால் வாங்க ஒரு வாரம் ஆகும் என்று அந்த நேரத்திலும் ஒரு கணக்கு.

“எப்பிடிப் பேத்த?” என்றாள், திரையைப் பார்த்துக்கொண்டே.

சொன்னேன். ஐஸ் மெஷின், ரயில், ஜன்னல் சீட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும் என்று கண்ணை மூடினேன். அடிக்க வேண்டும் என்று மனசார விரும்பினேன், என் பல் போகட்டும், காது போகட்டும். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் வாஷ்பேசினில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வாயைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு அவரு உன்னக் கேட்டாரு. நீ தரையப் பாத்த,” என்றாள். “நீ தரையப் பாத்தத நானும் பாத்தேன். பாத்துட்டுத்தான் மறுபடி ஓங்கினேன்.”

பையை எடுத்துக்கொண்டு வா என்று மட்டும் சைகை காட்டினாள். அன்றைக்குப் பிறகு அவள் லேபுக்கு வரவில்லை, நான் அவளைப் பார்க்கவும் இல்லை. அதனால் அன்று சாயங்காலம் நடந்ததோடு முடிக்கிறேன்.

பட்டாபிராமில் ரயில்வே லைனை ஒட்டி ஒற்றை அறை வீடு. எத்திராஜ் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இடையில் ஒரு வாட்ச்மேன் வேலைக்குப் போனாராம், ஹாரன் அடித்தது காதில் விழாமல் கேட்டைத் திறக்காததால் அனுப்பிவிட்டார்கள். அவர் மனைவி எங்களைப் பார்த்ததும் துடைப்பத்தை எடுத்தாள். எடுத்தவள், இவள் முகத்தைப் பார்த்து, என்ன நினைத்தாளோ, கீழே போட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

இவள் வாசலிலேயே நின்று, கூண்டு மாறவில்லை, தப்பு எங்களுடையது, டாக்டரிடம் சொல்லி வேலை வாங்கித் தருகிறேன் என்றாள். எத்திராஜ் அண்ணன் சிரித்தார். அது சிரிப்பே இல்லை. அவர் கண் அவள் வலது கையை விட்டு நகரவில்லை. இல்லைம்மா, நான்தானே மாற்றினேன், அன்றைக்கே ஒத்துக்கொண்டேனே என்றார்.

நான் முன்னால் போய், மருந்து ஊற்றிக் கெடுத்தது நான்தான் என்று சொன்னேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய அதே வார்த்தைகள். அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“சாரு நல்ல மனுசரும்மா. எனக்காகப் பழி ஏத்துக்கினு வந்துக்கீறாரு.”

அவருக்கு இடது காது கேட்காது என்று நினைவு வந்து, அவள் கட்டிலைச் சுற்றி வலது பக்கம் போனாள். தரையில் மண்டியிட்டாள். அண்ணே, நீ மாத்தல, ஒரு வாட்டி உன் வாயால சொல்லுண்ணே, மாத்தலன்னு சொல்லு என்று கெஞ்சினாள். அவள் இதுவரை யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அவர் தோளைத் தொட்டுச் சொல்வதற்காகக் கையைத் தூக்கினாள்.

எத்திராஜ் அண்ணன் சுவரோடு ஒட்டிக்கொண்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

“மாத்தினேம்மா. அன்னிக்கு மட்டும் இல்ல, அதுக்கு முன்னாடியும் ரெண்டு தபா மாத்திக்கீறேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். உட்ரும்மா.”

தண்ணீர்ச் சொம்போடு வந்த அவர் மனைவி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். படிக்கட்டில் நின்று அத்தனை கத்துக் கத்தியவள், எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு, முதல் தடவையாக அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்போ நெஜமாவே நீதானாய்யா?” என்று கேட்டாள்.